பாறைமேட்டு நாட்குறிப்பு

மார்ச் 11

சேலத்திலிருந்து வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு ஏற்காடு மலை ஏறும்போது இருட்டிவிட்டது. இருபது கொண்டை ஊசி வளைவிலும் கண்ணைத் திறக்கவே இல்லை. ராத்திரி ரசம் சாதம் இரண்டு வாய்.

மார்ச் 14

பாறைமேட்டில் அந்தச் சின்னப் பிராணியை இன்று நன்றாகப் பார்த்தேன். உண்ணிச்செடிப் புதருக்குள்ளிருந்து வந்தது. முதுகில் கோடு கிடையாது, தோளில் மட்டும் வெளிறிய ஒரு கீற்று. மூஞ்சி நீண்டு கூர்மையாக இருக்கிறது. சருகைக் கிளறிப் பூச்சியைப் பிடித்து இரண்டு கையிலும் ஏந்தித் தின்றது. அணில் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று பார்க்கலாம்.

மார்ச் 15

காப்பி பூப்பதற்கான பூ மழை இன்னும் வரவில்லை. காப்பிச் செடியெல்லாம் வாடி நிற்கிறது.

மார்ச் 20

ஆராய்ச்சிப் பெண் வந்தாள். முழங்கால் உயரத்தில் சில்வர் ஓக் மரத்தில் கேமராவைக் கட்டிவிட்டு, என்னோடு அடுப்படியில் உட்கார்ந்து ராகிக் களி சாப்பிட்டாள். இது அணிலும் இல்லையாம், எலியும் இல்லையாம். மூங்கில் அணத்தான், மர மூஞ்சூறு வகை. ஒரு காலத்தில் மர மூஞ்சூறுகளைக் குரங்கு வரிசையில் சேர்த்து வைத்திருந்தார்கள், பிறகு தனி வரிசையே கொடுத்துவிட்டார்கள். இந்தியாவில் மூன்று வகை. மற்ற இரண்டும் வடகிழக்கிலும் நிக்கோபாரிலும். இது மட்டும் கங்கைக்குத் தெற்கே, இந்தியாவைத் தவிர வேறெங்கும் கிடையாது. அறிவியல் பெயரில் வால்டர் எலியட் இருக்கிறார், மெட்ராஸ் சிவில் சர்வீஸில் இருந்தவர்.

"இதைப் பற்றி எழுதினவங்க ரொம்பக் கம்மிக்கா. அதுலயும் நல்ல கவனிப்பு உங்க ஏற்காட்டுல செஞ்சதுதான்" என்றாள். எனக்கு என்னவோ பெருமையாக இருந்தது.

மார்ச் 28

சறுக்கியது! சின்ன மரத்தில் ஏறி, சாய்ந்த கிளையில் தலையிலிருந்து வால்வரை உடம்பைத் தேய்த்துக்கொண்டே இறங்கியது. திரும்ப ஏறியது, திரும்ப இறங்கியது. இதைத்தான் ஏற்காட்டில் பார்த்து எழுதியிருக்கிறார்களாம். அவரைக் கைத்தாங்கலாகத் திண்ணைக்குக் கூட்டி வருவதற்குள் போய்விட்டது. பரவாயில்லை என்றார். நாளை காட்ட வேண்டும்.

ஏப்ரல் 2

அவருக்குச் சிறுநீரக ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் ஏறியிருக்கிறது. எழுதப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 6

நிலத்தை வாங்குகிறவர் வந்தார். கொழுந்தன்தான் எல்லை காட்டினார். பாறைமேட்டைப் பார்த்து, "ரெண்டு நாள் வேலைங்க, ஜேசிபி விட்டா சுத்தமாயிடும்" என்றார் வந்தவர். காப்பி கொடுத்தேன். நல்ல மனிதர்தான், வீட்டுக்காரர் உடம்பைப் பற்றி அக்கறையாக விசாரித்தார்.

ஏப்ரல் 7

தூக்கம் இல்லை. ஆராய்ச்சிப் பெண்ணுக்குப் போன் செய்தேன். உலகச் சிவப்புப் பட்டியலில் இதற்கு ஆபத்து இல்லை என்றுதான் போட்டிருக்கிறதாம். பல மாநிலங்களில் பரவி இருக்கிறது, சரி. ஆனால் இந்தப் பாறைமேட்டில் இருப்பது எங்கே போகும்? தரையில் வளை, அதற்கு இரண்டு மூன்று வாசல், பொழுது சாய்ந்தால் உள்ளே போய்விடும். சுற்றிலும் அடுத்தவர் காப்பி, அதற்கப்புறம் தார் ரோடு. நூற்றைம்பது கிராம் சொச்சம் எடை உள்ள ஒரு ஜீவன். நிலத்தை விற்காமல் இருக்க முடியுமா? முடியாது. வாரத்துக்கு இரண்டு தடவை சேலம் போகிற செலவு எனக்குத்தான் தெரியும். விற்கிறேன், மனசாரவே விற்கிறேன். அவர் இருக்க வேண்டும். அதுவும் இருக்கட்டுமே.

ஏப்ரல் 8

கேமரா அட்டையை மாற்றினேன். காட்டெருமையின் கால் மட்டும் இருபது படம்.

ஏப்ரல் 13

மழை. ஒரு மணி நேரம் கொட்டியது. அவர் எழுந்து ஜன்னலோரம் வந்து நின்றார்.

ஏப்ரல் 17

பத்திர எழுத்தரிடம் கேட்டேன். பாறைமேட்டை விட்டுவிட்டு மீதியை எழுதலாமாம், உட்பிரிவு செய்து நான்கெல்லையை மாற்ற வேண்டும். கொழுந்தனுக்குக் கோபம். "அண்ணி, ஒரு அணிலுக்காகவா விலையைக் குறைக்கச் சொல்றீங்க?" படுக்கையிலிருந்தே அவர் சொன்னார்: "அணில் இல்லப்பா அது."

ஏப்ரல் 19

விலை குறையும். எவ்வளவு என்று வாங்குகிறவர் நாளை சொல்கிறாராம். சர்வேயர் திங்கட்கிழமை வருகிறார், வேலியோரம் உண்ணிச்செடியை வெட்ட வேண்டாம் என்று ஆளிடம் காலையிலேயே சொல்லிவிட வேண்டும்.