ஐசி-38: பாஸ் மார்க் 18தான், சறுக்கும் இடங்கள் வேறு

ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட் ஆக 10-ஆம் வகுப்புத் தேர்ச்சி போதும். ஆனால் கம்பெனி தரும் பயிற்சியை முடித்து ஐசி-38 தேர்வில் தேறினால்தான் ஏஜென்சி கோடு (ஏஜென்ட்டுக்கான அடையாள எண்) கிடைக்கும். கணினியில் எழுதும் தேர்வு. 50 கேள்வி, 60 நிமிடம், கேள்விக்கு ஒரு மார்க். 35 சதவீதம், அதாவது 18 மார்க் எடுத்தால் தேர்ச்சி. நெகட்டிவ் மார்க் கிடையாது. தமிழிலும் எழுதலாம்.

18 என்றதும் பலர் புத்தகத்தைத் திறக்காமலே போகிறார்கள். ஒன்றைப்போலவே இருக்கும் இரண்டு சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி "இதில் எது?" என்று கேட்பதுதான் இந்தத் தேர்வின் குணம். அதனால் அத்தியாயம் அத்தியாயமாக மனப்பாடம் செய்வதைவிட, ஜோடி ஜோடியாகப் படிப்பது பலன் தரும்.

முதல் ஜோடி நாமினேஷனும் (இறந்தால் பணம் பெறுபவரைக் குறிப்பிடுவது) அசைன்மென்ட்டும் (பாலிசியை இன்னொருவருக்கு மாற்றி எழுதுவது). இன்ஷூரன்ஸ் சட்டம் 1938-ன் பிரிவு 39 நாமினேஷனுக்கு, 38 அசைன்மென்ட்டுக்கு. தன் உயிர்மீது எடுத்த பாலிசிக்குத்தான் நாமினி போட முடியும். நாமினியைக் கேட்காமலே எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அசைன்மென்ட் அப்படியல்ல, பாலிசியின் உரிமையே கைமாறுகிறது. அசைன் செய்தால் பொதுவாகப் பழைய நாமினேஷன் ரத்தாகும். கம்பெனியிடமோ வங்கியிடமோ வாங்கும் கடனுக்காகச் செய்யும் அசைன்மென்ட்டில் ரத்தாகாது. கேள்வி பெரும்பாலும் இந்த விதிவிலக்கைச் சுற்றித்தான் வரும். நாமினி மைனராக இருந்தால் அவர் சார்பில் பணம் பெறும் அப்பாயின்டி கட்டாயம் என்பதையும் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது இன்ஷூரபிள் இன்ட்ரஸ்ட், அதாவது காப்பீடு செய்யப்படும் உயிரோ பொருளோ போனால் பாலிசி எடுப்பவருக்குப் பண நஷ்டம் வரும் உறவு. ஆயுள் காப்பீட்டில் அது பாலிசி எடுக்கும் நேரத்தில் இருந்தால் போதும். மரைனில் (கப்பல், சரக்குக் காப்பீட்டில்) கிளெய்ம் நேரத்தில் இருக்க வேண்டும். தீ விபத்துக் காப்பீட்டில் இரண்டு நேரத்திலும். உயிருக்கு விலை சொல்ல முடியாது, அதனால் நஷ்டத்துக்கு ஈடு என்ற இன்டெம்னிட்டி கொள்கை ஆயுள் காப்பீட்டுக்குப் பொருந்தாது. இந்தக் காரணம் புரிந்தால் அந்த அத்தியாயத்தில் பாதி முடிந்தது.

கணக்குகளைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை, சூத்திரம் இரண்டு மூன்றுதான். மனித உயிர் மதிப்பு (ஒருவருக்கு எவ்வளவு காப்பீடு தேவை என்ற கணக்கு): ஆண்டு வருமானம் 3,60,000 ரூபாய், அதில் சொந்தச் செலவு 90,000 என்றால் குடும்பத்துக்கு மிச்சம் 2,70,000. வட்டி 6 சதவீதம் என்றால் 2,70,000-ஐ 0.06-ஆல் வகுக்க 45 லட்சம். இதில் வழக்கமான தவறு, சொந்தச் செலவைக் கழிக்க மறப்பது. கழிக்காமல் வரும் 60 லட்சமும் விடைகளில் ஒன்றாகக் காத்திருக்கும். பெய்ட்-அப் மதிப்பு (பிரீமியம் கட்டுவதை நிறுத்தினால் குறைந்து நிற்கும் காப்புத் தொகை): 5 லட்சம், 20 ஆண்டு பாலிசியில் 8 ஆண்டு பிரீமியம் கட்டியிருந்தால் 8/20 பங்கு, 2 லட்சம். அதற்குமேல் சேர்ந்த போனஸ் தனி. எளிய ரிவர்ஷனரி போனஸை (ஆண்டுதோறும் அறிவித்து பாலிசியில் சேர்த்துவைக்கும் போனஸ்) ஆயிரத்துக்கு இவ்வளவு என்று காப்புத் தொகைமீது கணக்கிட வேண்டும், கட்டிய பிரீமியம்மீது அல்ல. ஆயிரத்துக்கு 45 என்றால் 5 லட்சத்துக்கு ஆண்டுக்கு 22,500.

கடையில் கிடைக்கும் பழைய கைடு புத்தகங்கள் ஆபத்து. பாலிசியை எத்தனை ஆண்டுக்குப் பிறகு கம்பெனி கேள்வி கேட்க முடியாது என்று சொல்லும் பிரிவு 45-க்கு இரண்டு ஆண்டு என்று இருந்தால் அது 2015 திருத்தத்துக்கு முந்தையது. இப்போது மூன்று ஆண்டு. காலாவதியான பாலிசியை ரிவைவல் செய்தால் (மறுபடி நடப்புக்குக் கொண்டுவந்தால்) அந்தத் தேதியிலிருந்து மறுபடி எண்ண வேண்டும். ஃப்ரீ லுக் (பாலிசி பிடிக்கவில்லை என்றால் திருப்பித் தரும் காலம்) 15 நாள் என்பதும் பழையது, 2024 முதல் 30 நாள். பிரீமியம் கட்டத் தரும் கூடுதல் அவகாசமான கிரேஸ் பீரியட் மாதத் தவணைக்கு 15 நாள், மற்றவற்றுக்கு 30. கம்பெனி பயிற்சியில் தரும் பதிப்பையே கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடத்தை விதிகளை இலகுவாக நினைத்துக் கடைசி நாளில் புரட்டுவார்கள். அங்கே சுலபமான மார்க் இருக்கிறது. கமிஷனில் ஒரு பங்கைத் திருப்பித் தருவதாகச் சொல்லி பாலிசி பிடிப்பது பிரிவு 41-ன்படி குற்றம். வாங்கிக்கொள்பவரும் தப்ப முடியாது. வாடிக்கையாளர் கேட்டால் கமிஷன் விகிதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். பிரபோசலில் (பாலிசி விண்ணப்பத்தில்) சர்க்கரை நோயை மறைக்கச் சொல்வது, புது பாலிசிக்காகப் பழையதை சரண்டர் செய்ய (பாதியில் ஒப்படைத்துப் பணம் வாங்க) வைப்பது இரண்டும் "ஏஜென்ட் என்ன செய்ய வேண்டும்" வகைக் கேள்விகளாக வரும். (வேலையில் இறங்கிய பிறகு இதே இரண்டில்தான் கிளெய்ம் தகராறும் புகாரும் கிளம்பும்.)

தேர்வு அறையில் தெரிந்ததை முதல் சுற்றில் முடியுங்கள். கணக்கையும் "கீழ்க்கண்டவற்றில் எது தவறு" வகையையும் குறித்துவைத்து இரண்டாம் சுற்றில் எடுங்கள். விடை தெரியாவிட்டாலும் எதையும் காலியாக விடாதீர்கள். விண்ணப்பத்தில் உள்ள பெயர் அடையாள அட்டையில் உள்ள பெயரோடு ஒத்துப்போகிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். இனிஷியல் வித்தியாசம்கூட வாசலில் சிக்கலாகும். தேர்ச்சி பெற்றாலும் நியமனக் கடிதமும் கோடும் கைக்கு வரும்வரை யாரிடமும் பிரபோசல் வாங்கக் கூடாது.