துஸ்லாவில் இன்னும் கரி எஞ்சின் வேலைக்குப் போகிறது

நேற்று ராத்திரிதான் ஜெர்மனிக்குத் திரும்பினேன். கேமரா பையைத் தட்டினால் இன்னும் கரித்தூள் கொட்டுகிறது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஐரோப்பாவில் நீராவி எஞ்சின் பார்க்க வழி நிறைய இருக்கிறது. டிக்கெட் வாங்கி, சுற்றுலா ரயிலில் ஏறி, கூட்டத்தோடு கையாட்டலாம். எனக்கு அது போதவில்லை. போஸ்னியாவின் துஸ்லா பக்கம் எஞ்சின் நமக்காக ஓடுவதில்லை. சுரங்கத்தில் வெட்டிய கரியை இழுத்துவரத்தான் ஓடுகிறது. அதைப் படம் எடுக்கத்தான் பிப்ரவரிக் குளிரில் போனேன்.

முதலில் டாக்ஸி விஷயம். துஸ்லாவிலிருந்து, சுரங்கத்துக்குப் பக்கத்து ஊரான லுகாவட்ஸுக்கு பஸ் இருக்கிறது, கட்டணமும் குறைவு. ஆனால் விடிவதற்கு முன்னால் ஷிகுல்யே சுரங்கப் பாதைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதால் டாக்ஸி பிடித்தேன். மீட்டர் போடுவதாகத் தலையாட்டிய டிரைவர், இறங்கும்போது ஐம்பது மார்க் கேட்டார். இங்கே ஒரு யூரோவுக்கு ஏறக்குறைய இரண்டு மார்க். இருபத்தைந்து யூரோ! அதில் நான் இரண்டு நாள் வயிறாரச் சாப்பிடுவேன். இருட்டில், பனியில், தெரியாத ஊரில் என்ன சண்டை போடுவது? கொடுத்துவிட்டேன். திரும்பி வரும்போது இன்னொருவர் மீட்டர் போட்டு ஓட்டினார், அதில் பாதிகூட ஆகவில்லை. மீட்டர் ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகு கதவைச் சாத்துங்கள்.

சரி, எஞ்சினுக்கு வருகிறேன். லெவல் கிராசிங் பக்கத்தில் நின்றிருந்தேன். மூடுபனிக்குள்ளிருந்து முதலில் சத்தம்தான் வந்தது. அப்புறம் தரை அதிர்ந்தது. 33 வகை எஞ்சின், பக்கத்துக்கு ஐந்து பெரிய சக்கரம், பின்னால் கரி வேகன்கள். எதிரே வந்து நின்றதும் கை நடுங்கியது, குளிரால் மட்டுமில்லை.

இந்த எஞ்சின்களின் கதை தெரிந்தால் உங்களுக்கும் நடுங்கும். 1942 முதல் ஜெர்மனி போருக்காக அவசர அவசரமாகக் கட்டியவை இவை. அங்கே இதன் பெயர் 52 வகை. செம்பு மிச்சம், உழைப்பு மிச்சம் என்று, இல்லாவிட்டாலும் வண்டி ஓடும் என்ற உறுப்புகளையெல்லாம் விட்டுவிட்டு 6000-க்கும் மேல் செய்து தள்ளினார்கள். போர் முடிந்ததும், போஸ்னியா அப்போது சேர்ந்திருந்த யுகோஸ்லாவியாவுக்கு வந்தவை 33 வகை ஆயின. நீண்ட நாள் உழைக்கும் என்று யாரும் எதிர்பார்க்காத வண்டி, எண்பது வருடம் தாண்டியும் கரி இழுக்கிறது. காரணம் எளிமையானது. டீசலைக் காசு கொடுத்து வாங்க வேண்டும், கரி சொந்தச் சுரங்கத்தில் கிடைக்கிறது. உடைந்த உறுப்பைச் சரிசெய்யத் துஸ்லாவை ஒட்டிய புகின்யேயில் பட்டறையும், அந்த வேலை தெரிந்த கைகளும் இருக்கின்றன. அந்தக் கைகள் ஓய்வு பெற்றால் எல்லாம் முடிந்தது.

வண்டி சிக்னலுக்காக நின்ற நேரத்தில், உலையில் கரி போடும் ஃபயர்மேன் இறங்கி, நீள மூக்கு எண்ணெய்க் குவளையோடு சக்கரங்களை ஓட்டும் தண்டுகளின் ஒவ்வொரு மூட்டாகப் போனார். சொட்டு விடுவார், புறங்கையால் மூட்டைத் தொட்டுச் சூடு பார்ப்பார், அழுக்குத் துணியால் துடைப்பார், அடுத்ததற்குப் போவார். கேபினுக்குள்ளே உலைவாய்க்கு மேலிருந்த தட்டில் காகிதத்தில் சுற்றிய ரொட்டி சூடாகிக்கொண்டிருந்தது. சைகையால் கேட்டேன், சிரித்தபடி தலையசைத்தார், எடுத்தேன். இந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த படம் அந்த ரொட்டிதான்.

படம் எடுப்பவர்களுக்கு: குளிரில் நீராவி வெள்ளையாகப் பொங்கும், எஞ்சினோ கன்னங்கரேல். கேமரா குழம்பும். வெள்ளை வெளுத்துப்போகாதபடி எக்ஸ்போஷரைக் குறைத்து, கறுப்புப் பகுதியைப் பிறகு கணினியில் வெளிச்சமாக்கிக்கொள்ளுங்கள். மாற்று பேட்டரியைச் சட்டைக்குள் வையுங்கள். சுரங்க எல்லைக்குள் அனுமதி இல்லாமல் கால் வைக்க வேண்டாம்.

ஒரு கோபமும் உண்டு. வேனில் வந்த ஒரு கூட்டம் எஞ்சின் டிரைவருக்குக் காசு நீட்டிக் கரும்புகை விடச் சொன்னது. கரும்புகை என்றால் கரி சரியாக எரியவில்லை என்று அர்த்தம். நல்ல ஃபயர்மேன் அதைத் தவிர்க்கத்தான் பாடுபடுகிறார். அவரைப் படத்துக்காகத் தப்பாக வேலை செய்யச் சொல்வது அவமரியாதை. அதிலும் துஸ்லாவில். அனல்மின் நிலையமும் வீட்டு அடுப்புகளும் சேர்ந்து குளிர்காலத்தில் இந்த ஊர்க் காற்றை நாசமாக்குகின்றன. எனக்கு இரண்டாம் நாளே தொண்டை கட்டிவிட்டது. இந்த எஞ்சின்கள் இழுக்கும் கிரேகா சுரங்கக் கரி, நம் நெய்வேலியில் எடுப்பதைப் போலப் பழுப்பு நிலக்கரி. இந்தக் கரியை எரிப்பது ஒருநாள் நிற்கத்தான் வேண்டும், நிற்கட்டும். அதுவரை உழைக்கிறவர்களை ஒழுங்காகப் படம் எடுப்போம்.

சாப்பாடு அபாரம். லுகாவட்ஸில் ஒரு சின்னக் கடையில் செவாப்பி தின்றேன். கரியடுப்பில் சுட்ட விரல் நீள இறைச்சி, எண்ணெய் இறங்கிய சூடான ரொட்டி, பச்சை வெங்காயம், ஓரமாகக் கைமாக் என்ற பாலேடு. பத்து மார்க்குக்கு மதியம் முழுக்கப் பசிக்கவில்லை. சைவக்காரர்கள் கவனிக்க: இங்கே புரெக் என்ற மாவுப் பலகாரம் என்றால் உள்ளே இறைச்சிதான். சீஸ் வைத்தது வேண்டுமென்றால் சிர்னிட்சா என்று கேளுங்கள்.

இன்னொரு சுரங்க ஊரான பானோவிச்சிக்கும் போனேன். 1946-இல் இளைஞர் தொண்டர் படைகள் போட்ட ரயில் பாதை அந்த ஊருக்குத்தான் வருகிறது. 760 மில்லிமீட்டர் குறுகிய பாதையும் அங்கே உண்டு. நான் போன அன்று எங்கும் டீசல்தான் ஓடியது. எந்த நாள் எது ஓடும் என்பது அன்று காலையில்தான் தெரியும். அதனால் கையில் கூடுதலாக ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள், அந்த நாளுக்கான செலவையும் முதலிலேயே சேர்த்துவிடுங்கள். சில்லறை மார்க் நிறைய வேண்டும், பஸ்ஸில் பெட்டியைக் கீழே வைக்கத் தனியாகக் காசு கேட்கிறார்கள்.