முதல் ஸ்கேன் சீட்டும் மூன்று பிரசவத் தேதிகளும்

எனக்கு மாதவிலக்கு 40, 45 நாளுக்கு ஒருமுறைதான் வரும். கடைசியாக வந்த தேதி மட்டும் நன்றாக நினைவிருந்தது. ஜூன் 14. 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, மண்டபத்திலிருந்து என் வீட்டுக்காரர் விசைப்படகில் போனதற்கு முந்தின நாள். செவிலியர் அக்கா அதோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டி, அட்டையில் மார்ச் 21 என்று எழுதினார். 28 நாளுக்கு ஒருமுறை தவறாமல் வருகிறவர்களுக்குச் சரியாக வரும் கணக்கு அது. எனக்குக் கரு தங்கியதே தாமதமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 6 அன்று ராமநாதபுரத்தில் முதல் ஸ்கேன். மாதவிலக்குக் கணக்குப்படி அன்றைக்குச் சரியாக 12 வாரம். ஆண், பெண் எது என்று கேட்க மாட்டேன் என்று கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் உள்ளே விட்டார்கள். குழந்தையின் உச்சந்தலையிலிருந்து புட்டம் வரை டாக்டர் கோடு போட்டு அளந்தார்: 35 மில்லிமீட்டர். சிஆர்எல் என்று சீட்டில் இருக்குமே, அதுதான். 35 என்றால் 10 வாரம் 2 நாள். எனக்கு வயிறு கலங்கிவிட்டது, பிள்ளை வளரவில்லையோ என்று. அவர் திரையில் இதயத் துடிப்பைக் காட்டி நிதானமாக விளக்கினார். 14 வாரத்துக்குள் எல்லாக் குழந்தையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளருமாம். அதனால் இந்த அளவு ஐந்து முதல் ஏழு நாளுக்கு மேல் பிசகாது. எனக்கு வித்தியாசம் 12 நாள். ஆகவே தேதியைத்தான் மாற்ற வேண்டும், ஏப்ரல் 2 என்று அட்டையில் திருத்தினார்.

ஐந்தாம் மாத ஸ்கேன் அதோடு ஒத்துப்போனது.

குழப்பம் பிப்ரவரி 5 அன்று வந்தது. வேறொரு ஸ்கேன் மையத்தில் தலைச்சுற்றளவு, வயிற்றுச்சுற்றளவு, தொடை எலும்பு நீளம் எல்லாம் அளந்து, 30 வாரம் 4 நாள், பிரசவம் ஏப்ரல் 12 என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். அங்கே யாரும் விளக்கவில்லை. வீட்டுக்காரர், "அப்போ ஏப்ரல் 10 வரைக்கும் கடலுக்குப் போகலாம்" என்று கணக்குப் போட்டுவிட்டார்.

முதல் ஸ்கேன் சீட்டோடு எங்கள் டாக்டரிடம் போனேன். அவர் சொன்னதை அப்படியே மனதில் வைத்திருக்கிறேன். கடைசி மூன்று மாதத்தில் ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு உடல்வாகு. அப்போது எடுக்கும் அளவை வைத்து வயதைச் சொன்னால் மூன்று வாரம்கூட முன்பின் போகும். வயது முதல் ஸ்கேனிலேயே முடிவாகிவிட்டது, இனி எடுப்பது வளர்ச்சியைப் பார்க்க மட்டும். புதுத் தேதியை ஏற்றுக்கொண்டால், உண்மையிலேயே வளர்ச்சி குறைந்த பிள்ளையும் சரியாக இருப்பதுபோலத் தெரியும். அதுதான் ஆபத்து. எடை, பனிக்குட நீர், ரத்த ஓட்டம் பார்த்தார், எல்லாம் திருப்தி. இரண்டு வாரம் கழித்து மறுபடி அளந்தபோதும் வளர்ச்சி நன்றாக இருந்தது.

மார்ச் 21 தாண்டியதும் மாமியாருக்குப் பயம் பிடித்தது. "என்னத்தா, நாள் தாண்டிப்போச்சே, வலிக்கு ஊசி போடச் சொல்லு" என்று தினமும் கேட்டார். பாவம், அவர் கையில் இருந்தது பழைய கணக்கு. அன்றைக்கு எனக்கு 38 வாரம் 2 நாள்தான். சீட்டைக் காட்டிக் காட்டிப் புரியவைத்தேன்.

மார்ச் 28-லிருந்து வீட்டுக்காரர் கடலுக்குப் போகவில்லை. 30 அதிகாலையில் வலி எடுத்தது. 39 வாரம் 4 நாள். சாயங்காலம் மகள் பிறந்தாள், 2.9 கிலோ. முதலில் கையில் வாங்கியது அவர்தான்.