சொன்னதை எழுது

2011 பிப்ரவரியில் எனக்கு சென்சஸ் வேலை போட்டார்கள். பத்தாம் வகுப்புக்குத் திருப்புதல் தேர்வு நடந்துகொண்டிருந்த நேரம். பகலெல்லாம் பள்ளிக்கூடம், சாயங்காலம் நாலரைக்கு மேல் தோளில் ஒரு பையோடு தெரு. பைக்குள் இருந்த படிவங்களை மடிக்கக்கூடாது, கசக்கக்கூடாது, மேலே தண்ணீர் படக்கூடாது. இயந்திரம் படிக்கிற படிவம், அதற்குக் கோபம் வந்துவிடும் என்று பயிற்சியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வேலூரில் பிப்ரவரியிலேயே வெயில் ஆரம்பித்துவிடும். அந்தப் பையை நான் கைக்குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

எனக்குக் கிடைத்தது காந்தி ரோட்டை ஒட்டிய நான்கைந்து தெருக்கள். எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் முதல் கேள்வி அவர்களுடையதுதான். "இன்னா டீச்சர், கலர் டிவி எப்போ வரும்?" அரசு அப்போது இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்த டிவிக்கு நான் ஆள் இல்லை என்றால், ரேஷன் கார்டில் மருமகள் பெயரைச் சேர்க்க வந்திருக்கிறேனா என்று கேட்பார்கள். அதுவும் இல்லை என்றால் முகம் சுருங்கும். ஆனாலும் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்துவிட்டு, என் 29 கேள்விகளுக்கும் பதில் சொன்னார்கள். வயது, படிப்பு, மதம், எத்தனை பிள்ளைகள், அதில் உயிரோடு எத்தனை. முன்பின் தெரியாத ஒருத்தியிடம் சொல்கிற விஷயங்களா இவை? எனக்கு இன்றைக்கும் அது ஆச்சரியம்தான்.

மூன்றாம் நாள் ஒரு தப்பு செய்தேன். நேரம் மிச்சமாகட்டும் என்று, முந்தைய வருடம் வீடுகளைப் பட்டியலிட்டபோது எழுதிய பெயர்களைப் பார்த்து, வீட்டிலேயே சில கட்டங்களை நிரப்பிக்கொண்டு போனேன். முஸ்லிம் பெயர் வந்த இடங்களில் தாய்மொழிக் கட்டத்தில் உருது என்று எழுதிவிட்டேன். எங்கள் ஊரில் அது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஒரு வீட்டில் எழுபது வயதுப் பாட்டி ஒருவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நான் எழுதுவதை எட்டிப் பார்த்தார். தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்தவர்.

"இது யாருக்கும்மா உருது? எங்க வூட்ல யாருக்கும் அது வராது. நாங்க லப்பை. தமிழ்தான்."

"பக்கத்து வீட்டில் உருது என்றுதானே பாட்டி சொன்னார்கள்?"

"அவங்களுக்கு அது. எங்களுக்கு இது. நீங்க டீச்சர்தானே, கேட்டுட்டு எழுத வேணாமா?"

புதுப் படிவம் எடுத்து எழுதினேன். கெட்டுப்போன படிவத்துக்கு மேற்பார்வையாளரிடம் கணக்கு சொல்ல வேண்டி வந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. பயிற்சியில் சொன்ன விதியைத்தான் திரும்பச் சொன்னார்: தாய்மொழி என்று அவர்கள் எதைச் சொல்கிறார்களோ அதை எழுது, அதைப் பற்றி வாதாடாதே. அந்த விதிக்குள் ஒரு நுணுக்கம் உண்டு. தாய்மொழி என்றால் குழந்தைப் பருவத்தில் அம்மா நம்மிடம் பேசிய மொழி. சிறு வயதிலேயே அம்மா இறந்திருந்தால் வீட்டில் பேசப்பட்ட மொழி. ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரே மொழியாக இருக்கவேண்டும் என்பதில்லை. ஆளுக்கொரு வரி, வரிக்கொரு கட்டம்.

அந்த நுணுக்கம் என் வீட்டுக்கே வந்தது. எங்கள் தெருவைக் கணக்கெடுத்தவர் வேறொரு பள்ளியின் இளம் ஆசிரியர். "தாய்மொழி தமிழ்தானே டீச்சர்?" என்று எழுத ஆரம்பித்தார். ஆமாம் என்றேன். நான் தமிழாசிரியை, வேறு என்ன சொல்வேன்? உள்ளே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவின் குரல் வந்தது: "ஏமே, நீதோ நேனெப்புடு அரவம் மாட்லாடினா?"

உன்னிடம் நான் எப்போதடி தமிழில் பேசினேன் என்று கேட்கிறாள். நியாயமான கேள்வி. அம்மா ஆந்திரத்தில் ஒரு நாள்கூடத் தங்கியவள் இல்லை. தெலுங்கு எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. குடியாத்தத்தில் பிறந்து, தினத்தந்தி படித்து, தமிழில் கணக்கெழுதியவள். ஆனால் என்னைத் தூங்க வைத்ததும் திட்டியதும் சோறு ஊட்டியதும் தமிழ் பாதி கலந்த எங்கள் வீட்டுத் தெலுங்கில்தான். வடாற்காட்டில் இப்படி எத்தனையோ வீடுகள். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் முதல் பணிப் பதிவேடு வரை நான் தமிழ் என்றே எழுதி வந்தவள். யாரும் பொய் சொல்லச் சொன்னதில்லை. எங்கள் தமிழாசிரியர்களுக்கு முன்னால் வேறு மொழியைச் சொல்ல எனக்கே ஒரு கூச்சம், அவ்வளவுதான்.

அந்தப் பையன் பேனாவைத் தூக்கிக்கொண்டு என்னையே பார்த்தார். "எழுதுங்க சார். எனக்குத் தெலுங்கு, அம்மாவுக்குத் தெலுங்கு, அவருக்குத் தமிழ். எம் பொண்ணுக்குத் தமிழ். அவகிட்ட நான் தமிழ்தான் பேசினேன்." ஒரே வீட்டில் இப்படி எழுதலாமா என்று அவருக்குச் சந்தேகம். அதற்குள் நான்தான் அந்த விதியில் அடிபட்டுத் தேறியவளாயிற்றே. எழுதலாம் என்றேன்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். தினமும் பள்ளிக்கூட இறைவணக்கத்தில் பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு சொல்கிற உறுதிமொழி இருக்கிறதே, இந்தியர் அனைவரும் என் உடன் பிறந்தவர்கள் என்று, அது முதலில் எழுதப்பட்டது தெலுங்கில். 1962இல் பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ் என்ற அரசு ஊழியர் எழுதியது. இருபது வருடம் அதைத் தமிழில் கேட்டிருக்கிறேன். என் அம்மாவின் மொழியில் பிறந்தது என்று ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது. தெரிந்திருந்தாலும் பெரிதாக என்ன ஆகியிருக்கும்? மேடையில் நின்று ஒற்றுமை என்று சொல்வது சுலபம். எட்டாம் வகுப்பு பி பிரிவில் பிற்பகல் மூன்று மணிக்கு உடன் பிறந்தவர்கள் அடித்துக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

என் பகுதியில் அதிக நேரத்தைத் தின்றது லாட்ஜுகள். சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றி இருக்கிற அந்தத் தெருக்களை வேலூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வங்காளத்தில் எழுதிய பெயர்ப் பலகைகள், கடுகு எண்ணெய் மணம், மீன் குழம்புச் சாப்பாட்டுக் கடைகள். 1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்த மருத்துவமனை, வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் எல்லை தாண்டி வங்கதேசத்திலிருந்தும் ஆட்களைக் காட்பாடியில் கொண்டுவந்து இறக்குகிறது. சென்சஸ் விதிப்படி, 9ஆம் தேதி முதல் 28ஆம் தேதி வரை ஒருவர் தன் சொந்த வீட்டுப் பக்கமே போகாமல் வெளியூரில் இருந்தால், இருக்கிற இடத்தில்தான் எண்ணவேண்டும். ஆக, மாதக்கணக்கில் சிகிச்சைக்குத் தங்கியவர்கள் வேலூர்க் கணக்கில் வருவார்கள்.

ஒரு அறையில் அப்பா, அம்மா, முப்பது வயது மகன். அப்பாவுக்குச் சிகிச்சை. எனக்கு இந்தி வராது. லாட்ஜில் அறை பெருக்கும் குடியாத்தத்துப் பையன் வங்காளம் வெளுத்துக்கட்டினான். ஒரு மணி நேரம் எனக்கு அவன்தான் வாய். தாய்மொழி என்றதும் மகன் சட்டென்று "பாங்லா" என்றான். நான் விதியை நினைத்துக்கொண்டு, "அந்த அம்மாவை அவங்களையே சொல்லச் சொல்லுப்பா" என்றேன். மண்ணெண்ணெய் அடுப்பில் சோறு வைத்திருந்த அந்த அம்மாள் திரும்பி மகனைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார், அப்புறம் ஏதோ சொன்னார். என் காதில் "ஹொட் ரொட்" என்று விழுந்தது. பையனுக்கும் புரியவில்லை. மகன் சிரித்தபடி, கொஞ்சம் தலையைக் குனிந்துகொண்டு, "சாந்தாலி" என்றான். அவர்கள் சந்தால் பழங்குடியினர். ஹொட் ரொட் என்பது தங்கள் மொழிக்கு அவர்களே சொல்கிற பெயர். வெளியூரில் எதற்கு வம்பு என்று வங்காளம் என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

அந்தத் தலைகுனிவு எனக்குத் தெரிந்த தலைகுனிவு. நானும் அதைச் செய்தவள்தான்.

அந்த அம்மாளின் வரியில், அவர் சொன்னபடியே, தமிழ் எழுத்தில் ஹொட் ரொட் என்று எழுதினேன். என்ன எழுதினேன் என்று பையன் மூலம் கேட்டார். வாசித்துக் காட்டினேன். என் உச்சரிப்பு பிடிக்காமல் இரண்டு தடவை திருத்திவிட்டு, அடுப்புப் பக்கம் போய்விட்டார்.

2018இல் மொழிக் கணக்கு வெளியானபோதுதான் அந்தக் கட்டத்தின் கதி தெரிந்தது. நாடு முழுக்க மக்கள் சொன்ன தாய்மொழிப் பெயர்கள் 19,569. கொல்கத்தாவில் இதற்கென்றே இருக்கிற மொழிப் பிரிவு அவற்றை அலசி, ஒன்றுக்கே பல பெயர் இருந்தால் சேர்த்து, 1,369 ஆக்கியது. அதையும் தொகுத்து, பத்தாயிரம் பேராவது பேசுகிற மொழிகள் என்று பார்த்தால் 121. சந்தாலி அதில் இருக்கிறது. 2003 சட்டத்திருத்தத்தால் அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் சேர்ந்த நான்கு மொழிகளில் அதுவும் ஒன்று. ஹொட் ரொட் என்ற என் எழுத்து அந்த 19,569இல் எங்கோ கிடந்திருக்கவேண்டும்.

காந்தி ரோட்டில் எல்லாம் இனிப்பாக இல்லை. "வடக்கத்தி ஆளுங்களால வாடகை ஏறிப்போச்சு" என்று என்னிடம் குறைப்பட்ட வீட்டுக்காரர், மாடியில் மூன்று அறையை அவர்களுக்கே விட்டிருந்தார். அவருடைய இரண்டு மகன்களும் பெங்களூரில். இடப்பெயர்ச்சிக்கான காரணம் என்ற கட்டத்தில் வேலை, படிப்பு, திருமணம் என்று வரிசையாக வரும். குடிபெயர்ந்தவர்கள் என்றால் நமக்கு மூட்டையோடு ரயிலில் வருகிற வடநாட்டு ஆள்தான் ஞாபகம் வருகிறது. அந்த சென்சஸில் இடம்பெயர்ந்தவர்கள் 45 கோடிக்கும் மேல், அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குக் காரணம் திருமணம். அதாவது நாங்கள்தான். பெட்டியும் குடமுமாக வேற்று வீட்டுக்குப் போய், வேறு குழம்பு, வேறு குலதெய்வம், என் விஷயத்தில் வேறு மொழி என்று பழகிக்கொள்கிற மருமகள்கள்.

வேலை முடிந்து நான் பஸ் ஏறுவது கோட்டைக்கு எதிரே. உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில், மசூதி, தேவாலயம் மூன்றும் இருக்கின்றன. வருகிறவர்கள் எல்லாம் மத நல்லிணக்கம் என்று போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். எனக்கு அந்த மூன்றைவிட 1806 ஜூலை 10தான் ஞாபகம் வரும். சிப்பாய்கள் நெற்றியில் சமயக் குறி வைக்கக்கூடாது, தாடியை மழிக்கவேண்டும், தோல் பட்டை வைத்த புதுத் தொப்பி போடவேண்டும் என்று உத்தரவு. இந்துவும் முஸ்லிமும் சேர்ந்தே எழுந்தார்கள். எல்லோரையும் ஒரே மாதிரி ஆக்கப் பார்த்தவர்களுக்கு எதிராகத்தான் அவர்கள் ஒன்று சேர்ந்தார்கள். பாடப் புத்தகத்தில் இதைத் தேதியும் தொப்பியுமாக நடத்திவிட்டுப் போய்விடுகிறோம்.

அதே கோட்டையில்தான் கண்டியின் கடைசி மன்னன் விக்கிரம ராஜசிங்கனை 1816இல் கொண்டுவந்து வைத்தார்கள். 1832இல் இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் அவர் நினைவுக்குத்தான். இலங்கையிலிருந்து இங்கே வந்து திரும்பாமல் போனவர்கள் அவரோடு முடியவில்லை.

என் பகுதியின் கடைசித் தெருவில் அப்படி ஒரு குடும்பம். 1990இல் வந்தவர்கள். முகாமுக்கு வெளியே, போலீசில் பதிவு செய்துகொண்டு வாடகைக்கு இருந்தார்கள். பிறந்த இடம்: அப்பா, அம்மாவுக்கு இலங்கை. பத்தாம் வகுப்பு படிக்கிற பையனுக்கு வேலூர். தாய்மொழி மூவருக்கும் தமிழ், என்னைவிட உறுதியான பதில். எழுதிக்கொண்டே வந்தபோது பையன் கேட்டான்: "டீச்சர், இதில எந்தக் கட்டத்தில இந்தியனா இல்லையா எண்டு கேப்பினம்?"

வீட்டில் அப்படி, வெளியே எங்கள் ஊர்த் தமிழ். என்னிடம் ஏனோ வீட்டுத் தமிழில் கேட்டுவிட்டான்.

இந்தப் படிவத்தில் அந்தக் கேள்வியே இல்லை என்றேன். முந்தைய வருட மக்கள்தொகைப் பதிவேட்டில் இருந்தது, இதில் இல்லை. 1987 ஜூலை 1க்கு முன் இங்கே பிறந்திருந்தால் மண்ணில் விழுந்ததே போதும், அவன் இந்தியன். அதற்குப் பின் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்கவேண்டும். அவன் பிறந்தது 1996இல். லாட்ஜில் ஒரு தமிழ் வார்த்தைகூடத் தெரியாத சந்தால் அம்மாள் இந்தியர், கொசப்பேட்டையில் பிறந்து திருக்குறள் போட்டியில் பரிசு வாங்கிய இவன் இல்லை. சட்டத்துக்கு அதன் காரணங்கள் இருக்கும். எனக்கு அவன் முகத்தைப் பார்த்து அந்தக் காரணங்களைச் சொல்ல வரவில்லை.

"அப்ப எங்களையும் சேத்துத்தான் எண்ணுவினமோ?"

"சேத்துத்தான்."

அவன் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான். தன் பெயரில் வருவது எந்த 'ன', எந்த 'ண' என்று எழுத்து எழுத்தாகச் சொன்னான். எழுதினதும் ஒருதரம் விரல் வைத்துப் படித்துப் பார்த்தான். அவனுடைய அம்மா பிளேன்டியும் தட்டில் கொஞ்சம் சர்க்கரையும் கொண்டுவந்து வைத்தார். படிவத்தில் சிந்திவிடக்கூடாது என்று பையைத் தூக்கி அவன் தன் மடியில் வைத்துக்கொண்டான்.