காற்றை வாடகைக்கு விடுகிறவள்: கொழிஞ்சாம்பாறை நாட்குறிப்பு

2024 மே 5, ஞாயிறு

முன்பெல்லாம் மே மாதம் வந்தால் சீருடைத் தையலில் படுக்க இரவு ஒரு மணியாகும். இப்போது பள்ளிகளே ஆயத்த உடையாக மொத்தத்தில் வாங்கிவிடுகின்றன. போதாக்குறைக்குப் போன வாரம் பாலக்காட்டுக்கு வெப்ப அலை என்று அறிவித்தார்கள். பிளவுஸுக்கு அளவு கொடுக்கக்கூட ஆள் வரவில்லை.

நேற்று பொள்ளாச்சியில் நாத்தனார் மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி என்பதால் இவருக்குப் பட்டு வேட்டி, எனக்குச் செலவு. மண்டபத்து முற்றத்தில் ஒரு ஜம்பிங் பலூன் நின்றது. பிள்ளைகள் பந்தியை மறந்து அதிலேயே கிடந்தார்கள். நான் பக்கத்தில் போய்த் தையலைத்தான் பார்த்தேன். ஊசித் துளை ஒவ்வொன்றிலும் காற்று பிசிறிக்கொண்டிருந்தது. கையை வைத்தால் விரல் நுனி குளிர்கிறது. இது அடைத்து வைத்த காற்று இல்லை. ஒரு பக்கம் புளோயர் ஊதிக்கொண்டே இருக்கிறது, மறுபக்கம் தையல் வழியே போய்க்கொண்டே இருக்கிறது. போவதைவிட வருவது கூடுதலாக இருக்கும் வரை நிற்கும். எங்கள் வீட்டு வரவு செலவு இதற்கு நேர் தலைகீழ்.

வாடகை விசாரித்தேன். நான்கு மணி நேரத்துக்கு 3,500 ரூபாய். லைனிங் பிளவுஸ் பத்து தைத்தால் எனக்குக் கிடைக்கிற பணம்.

ஜூன் 9, ஞாயிறு

சொந்தமாக ஒரு பலூன் வாங்கி வாடகைக்கு விட, அயல்கூட்டத்தில், அதாவது எங்கள் தெருப் பெண்கள் குழுவில், 25,000 கடன் கேட்டேன். "பலூனுக்கா?" என்று ஒரு அக்கா சிரித்தார். ஆனால் முதலில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். வங்கியில் முத்ரா சிசுக் கடன் 50,000 வரை உண்டு என்று படிவம் கொடுத்தார்கள். அது மேசை இழுப்பறையில் ஊசி டப்பாவுக்கு அடியில் கிடக்கிறது. மீதிக்குச் சீட்டு எடுத்தாயிற்று. புளோயரோடு சேர்த்து 68,000. இவர் ஒன்றும் சொல்லவில்லை. தேங்காய்க் கிடங்கில் கணக்கு எழுதுகிறவர் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் மனதுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.

ஜூன் 23, ஞாயிறு

வந்துவிட்டது. 12 அடிக்கு 15 அடி, எடை 85 கிலோ. கொழுந்தனாரின் குட்டியானை வண்டியிலிருந்து இறக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. நான்கு மூலையிலும் யானை முகம் வைத்த கோட்டை. ஆனால் தெருப் பிள்ளைகள் பார்த்த நொடியில் "மிக்கி மவுஸ்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். இந்தப் பக்கத்தில் ஊதி நிற்கிற எதுவுமே மிக்கி மவுஸ்தான்.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கடலைக்காட்டில் சோதனை போட்டோம். ஒன்றரை குதிரைத்திறன் புளோயர் இரைய, சுருண்டு கிடந்தது மூன்று நிமிடத்தில் எழுந்து நின்றது. அத்தை திண்ணையில் இருந்தபடி, "ஆடி பிறக்கட்டும், அம்மியும் பறக்கும் கண்ணு" என்றார். ஆடி வரை பொறுக்கவில்லை. மேற்கே இருந்து ஒரு வீச்சு வந்தது. பலூனைத் தரையோடு கட்டக் கூடவே கொடுத்திருந்த முளைகள் சாண் நீளம்கூட இல்லை, இரண்டு பிடுங்கிக்கொண்டன. காற்றுப் பக்கத்து ஓரம் முழங்கால் உயரம் எழும்பி விழுந்தது. உள்ளே யாரும் இல்லை. என் மகள் ஏறுவதற்காகச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

இரவு தூக்கம் வரவில்லை. கைப்பேசியில் தேடித் தேடிப் படித்தேன். 2021 டிசம்பர் 16 அன்று ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில், டெவன்போர்ட் என்ற ஊரின் பள்ளியில், ஆண்டிறுதிக் கொண்டாட்டத்தில் இதுபோன்ற ஒரு கோட்டையைக் காற்று தூக்கிவிட்டது. ஆறு பிள்ளைகள் இறந்தார்கள். படித்த பிறகு எழுந்து போய் மகளைப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஐரோப்பியத் தர விதி ஒன்று இருக்கிறது. குறைந்தது ஆறு இடத்தில் கட்ட வேண்டும். ஒவ்வொரு கட்டும் 1,600 நியூட்டன் இழுப்பைத் தாங்க வேண்டும், அதாவது ஏறக்குறைய 163 கிலோ. முளை 380 மில்லிமீட்டர் நீளம், 16 மில்லிமீட்டர் தடிமன். காற்று மணிக்கு 38 கிலோமீட்டரைத் தாண்டினால் ஓட்டக் கூடாது. நான் இருப்பதோ பாலக்காட்டுக் கணவாயின் வாசலில். மேற்குத் தொடர்ச்சி மலை முழுக்கச் சுவர் எழுப்பிய சாமி, காற்று போய்வர இங்கேதான் கதவு வைத்தார். அந்தக் கதவடியில் உட்கார்ந்து பலூன் வாங்கியிருக்கிறேன்.

ஜூலை 7, ஞாயிறு

பட்டறையில் 16 மில்லிமீட்டர் கம்பியில் எட்டு முளை அடிக்கச் சொன்னேன். ஒவ்வொன்றும் 15 அங்குலம், தலையில் வளையம், விலை 150. "எதற்கம்மா, யானை கட்டவா?" என்றார் பட்டறைக்காரர். ஆமாம், நான்கு யானை என்றேன்.

கையில் பிடிக்கிற காற்றுமானி ஒன்றும் 1,600 கொடுத்து வாங்கினேன். பனைமரத்தைப் பார்த்துக் காற்றைக் கணிக்க முடியாது. அது சும்மாவே சலசலக்கும். 38 வரை காத்திருக்கவும் முடியாது. மானி எண்ணைக் காட்டும்போது வீச்சு வந்து போயிருக்கும். எனக்கு 30 என்று வைத்துக்கொண்டேன்.

ஜூலை 21, ஞாயிறு

நேற்று முதல் வாடகை. வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் பிறந்தநாள், பேசியது 3,000. நல்ல வேளையாக மேற்குச் சுவரை ஒட்டி இடம் கிடைத்தது. ஆறரை மணிக்கு மின்சாரம் போனது. புளோயர் நின்றதும் வருகிற அமைதி இருக்கிறதே, அதைக் கேட்டால்தான் தெரியும். முதலில் யானைகளின் தும்பிக்கை தொங்கியது, பிறகு சுவர்கள் உள்ளே சாய்ந்தன. பெரிய பிள்ளைகளுக்கு அதுவும் வேடிக்கை; சின்னது ஒன்று மடிப்புக்குள் போய்விட்டது. நான் தவழ்ந்து போய் இழுத்து வந்தேன். ஒரு கீறல் இல்லை, ஆனால் அதன் அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறது. ஆயிரத்தைக் குறைத்துக்கொண்டேன். இனி ஜெனரேட்டர் இல்லாத இடத்தில் வாசல் பக்கம் ஒரு பெரியவர் நின்றே ஆக வேண்டும். புளோயருக்குப் போன வயரும் மெலிசு, தொட்டால் சுட்டது. தடித்த வயருக்கு 3,600.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஓணத்துக்கு நான்கு இடம் பேசியிருந்தேன். ஜூலை 30 அன்று வயநாட்டில் மலை இறங்கியது. முண்டக்கை, சூரல்மலை என்று தொலைக்காட்சியில் பார்க்கும்போதே தெரிந்துவிட்டது, இந்த ஆண்டு யாரும் கொண்டாடப் போவதில்லை. அரசும் ஓண விழாவைக் கைவிட்டுவிட்டது. மூன்று கிளப்புகள் முன்பணத்தைத் திரும்பக் கேட்டன. கொடுத்தேன். இதில் யாரிடம் வருத்தப்பட?

செப்டம்பர் 17, செவ்வாய்

எஞ்சியது ஒரே ஒரு வீட்டு விழா, திருவோணத்தன்று சித்தூர்ப் பக்கம். சத்யா என்கிற ஓண விருந்து முடித்த வயிற்றோடு பிள்ளைகளை ஏற்றாதீர்கள் என்று மூன்று முறை சொன்னேன். ஏற்றினார்கள். பாலடைப் பாயசம் வந்த வழியே திரும்பியது. சோப்புத் தண்ணீரும் துணியும் இப்போது என் பையில் எப்போதும் இருக்கின்றன.

ஒரு பாட்டி வேலி போலக் கையை விரித்து நின்று "சாடல்லே, சாடல்லே" என்று கத்திக்கொண்டே இருந்தார். குதிப்பதற்கென்றே வாடகைக்கு எடுத்ததில் ஏறிய பேரனைக் குதிக்காதே என்கிறார். மலையாளமானாலும் தமிழானாலும் பாட்டிகள் ஒரே மொழிதான்.

அக்டோபர் 20, ஞாயிறு

மழையில் நனைந்ததை அப்படியே சுருட்டி வைத்தேன். நான்காம் நாள் பிரித்தால் பூசணம், பழைய சாக்கு நாற்றம். எல்லாத் தையல் ஓரத்தையும் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். இதைப் பற்றி இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

மேற்கேயிருந்து வந்ததுதான் காற்று என்று நினைத்திருந்தேன். கார்த்திகை பிறந்ததும் அதே கதவு வழியாகக் கிழக்கேயிருந்து வருகிறது. இங்கே விருச்சிகக் காற்று என்பார்கள்.

நேற்று ஒரு கிளப்பின் கிறிஸ்துமஸ் விழா, திறந்த மைதானம். ஐந்து மணிக்கு மானியில் 18. ஆறு மணிக்கு 24. ஆறே கால் இருக்கும், 31 காட்டியது. பிள்ளைகளை இறக்கிவிட்டேன். வரிசையில் இருபது பேர் நிற்கிறார்கள். செயலாளர் ஓடி வந்தார். "சேச்சி, இது எங்கள் ஊரில் எப்போதும் அடிக்கிற காற்று" என்றார். அதனால்தான் நிறுத்துகிறேன் என்றேன். எட்டு வயதுப் பையன் ஒருவன் சாக்ஸை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு, "நான் இன்னும் ஏறவே இல்லையே" என்றான். அவனுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. புளோயரை அணைத்தேன்.

பாதி சுருட்டும்போது ஒரு வீச்சு வந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் உருண்டன, காகித நட்சத்திரம் ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு தென்னந்தோப்புக்குள் போனது. மானி 39 காட்டியது. அதைச் செயலாளரிடம் நீட்டினேன். அவர் பார்த்தார், பாதி நேரம்தானே என்று 1,500 மட்டும் எண்ணிக் கொடுத்தார். கொழுந்தனார் சண்டைக்குப் போனார். "விடுங்கள், போகலாம்" என்றேன். "நீங்கள் பயந்துகொண்டே தொழில் செய்கிறீர்கள் அண்ணி" என்றார். ஆமாம்.

2025 ஜனவரி 5, ஞாயிறு

இவர் கிடங்கு நோட்டில் கோடு போட்டுக் கொடுத்தார். பன்னிரண்டு வாடகை, பத்து முழுதாக, இரண்டு குறையாக, ஆக 33,500. வண்டியும் ஆள் கூலியும் 9,600. முளை, மானி, வயர் 6,400. கையில் நின்றது 17,500. கடன் இன்னும் இருக்கிறது, சீட்டும் இருக்கிறது. "நட்டம் என்று சொல்ல முடியாது" என்றார். அவர் வாயிலிருந்து வரக்கூடிய அதிகபட்சப் பாராட்டு அதுதான்.

மாசி வரை திறந்தவெளிக்குப் போவதில்லை. மண்டபம் என்றால் சரி, ஆனால் சிமெண்டுத் தரையில் முளை இறங்காது. ஆறு கட்டுக்கும் மணல் மூட்டை என்றால் ஒரு டன் சுமக்க வேண்டும். அதற்குத் தனிக் கூலி கேட்கப் போகிறேன். இரண்டு பேர் கேட்டுவிட்டு வேறு ஆளைப் பிடித்துவிட்டார்கள். 2,000 ரூபாய்க்கு வருகிறாராம், முளையே அடிப்பதில்லையாம்.

மைதானத்தில் பிடுங்கி வந்த முளைகளை இன்றுதான் கழுவினேன். கிழக்குப் பக்கத்தில் அடித்திருந்த இரண்டும் கழுத்தில் வளைந்திருக்கின்றன. நாளை காலை கடை திறக்கும் முன் பட்டறையில் நிமிர்த்தக் கொடுக்க வேண்டும்.