39 வாரமும் 41 வயதும்

என் முதல் பிரசவத்துக்கு நாள் பார்த்தபோது எனக்கு வயது 41. மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், எங்கள் வீடு இருக்கிறது. கணவர் குடும்பத்தார் ரப்பர் காலத்தில் அதே தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்தவர்கள். கிளினிக்கில் கொடுத்த ரோஸ் நிறக் கர்ப்பக்காலப் பதிவுப் புத்தகத்தில் என் வயதுக்காகவே ஒரு நிற ஒட்டு ஒட்டியிருந்தார்கள். சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வைத்துப் பார்த்த சோதனை சரியாக வந்தது, இரத்த அழுத்தமும் சரியாக இருந்தது. ஆகவே என்னிடம் இருந்த ஒரே குறை பிறந்த வருடம்தான்.

முப்பத்தாறாவது வாரத்தில் வேறு ஒரு மருத்துவரிடமும் காட்டிவிடலாம் என்று ஒரு தனியார் கிளினிக்குக் கணவர் அழைத்துப் போனார். அங்கே இருந்தவர் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, 39 வாரத்தில் மருந்து வைத்து வலியை வரவழைத்துவிட வேண்டும், இந்த வயதில் காத்திருப்பது ஆபத்து என்றார். எவ்வளவு ஆபத்து என்று கேட்டேன். அதிகம் என்றார். தமிழ்ப்பள்ளியில் பதினேழு ஆண்டுகளாகக் கணிதம் கற்பிப்பவள் நான். எதைவிட அதிகம் என்று சொல்லாத 'அதிகம்' என்னும் சொல்லுக்கு நான்காம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட மதிப்பெண் கொடுப்பதில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. குழந்தைக்கு ஏதோ குறை இருப்பதை மறைத்துப் பேசுகிறாரோ என்றுகூட எண்ணத் தொடங்கியிருந்தேன்.

வீட்டில் என் மாமியார் நேர் எதிராகப் பேசினார். "பழுத்தா தானா விழும்மா. காயை ஏன் தட்டணும்?" என்பது அவர் வாதம். லயத்தில் நாற்பது, நாற்பத்திரண்டு வயதில் பெற்றவர்களின் பெயர்களை விரல் விட்டு எண்ணினார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் என்ற மருத்துவ உதவியாளரும் ஓர் ஆயாவும் மட்டுமே இருந்த காலம் அது, யாருக்கும் மருந்து வைக்கவில்லை என்றார். நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த வயதில் அவர்கள் பெற்றது ஏழாவது, எட்டாவது பிள்ளை. என்னைப் போல நாற்பத்தொன்றில் முதல் பிரசவத்துக்குப் போனவர் அவருடைய பட்டியலில் ஒருவர்கூட இல்லை என்பதை நான் சுட்டிக்காட்டியபோது, "அது சரிதான்" என்று சொல்லிவிட்டு முருங்கைக் கீரையை ஆய்வதற்குத் திரும்பிவிட்டார். இன்னொரு குழப்பமும் இருந்தது. எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கர்ப்பக்காலச் சர்க்கரை நோய் வந்து, இன்சுலின் போட்டுக்கொண்டிருந்ததால் 38 வாரத்தை ஒட்டியே வலியைத் தூண்டினார்கள். அவருக்கு 26 வயதுதான். அது வேறு கணக்கு என்றாலும் அக்கம்பக்கத்தார் இரண்டையும் ஒன்றாகக் கலந்தே பேசினார்கள்.

கணக்கை எனக்கு விளக்கியவர், ஈப்போவில் நான் பிரசவத்துக்குப் பதிந்திருந்த மருத்துவமனையின் இளம் பெண் மருத்துவர். பத்து நிமிடம்தான் பேசினார். பிரிட்டனின் ராயல் மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2013இல் வெளியிட்ட அறிக்கை ஒன்றை அவர் எடுத்துக்காட்டினார். 39, 40 வாரங்களில் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிடும் வாய்ப்பு, 35 வயதுக்குக் குறைந்தவர்களில் 1000 பேருக்கு ஏறத்தாழ 1 என்றால், 40 வயதைக் கடந்தவர்களில் 1000 பேருக்கு 2. அதாவது, நாற்பதைக் கடந்த ஒருத்தி 39ஆவது வாரத்தில் நிற்கும் இடமும், இருபதுகளின் நடுப்பகுதியில் இருக்கும் ஒருத்தி 41ஆவது வாரத்தில் நிற்கும் இடமும் ஏறக்குறைய ஒன்றே. இளம் பெண்ணுக்கு 41 வாரத்தைத் தாண்டினால் மருந்து வைத்தால் அவசரப்படுகிறார்கள் என்று யாரும் சொல்வதில்லை. உங்களுக்கு அதே எல்லை இரண்டு வாரம் முன்னால் வந்து நிற்கிறது, அவ்வளவுதான் என்றார். இருமடங்கு என்று கேட்டால் அடிவயிறு கலங்குகிறது. 1000இல் 998 பேருக்கு ஒன்றும் ஆவதில்லை என்று கேட்டால் மனம் அடங்குகிறது. இரண்டும் ஒரே கணக்கின் விடைகள். இரண்டையும் சேர்த்துச் சொன்னவர் அவர் ஒருவர்தான் என்பதால் அவருக்கு நான் இன்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஏன் 37 அல்லது 38 வாரத்தில் செய்யக் கூடாது என்றும் கேட்டேன். அந்த வாரங்களில் பிறக்கும் குழந்தைகளுக்கு மூச்சுத் திணறல் சற்றுக் கூடுதலாக வருகிறது; நுரையீரலுக்கு அந்தக் கடைசி நாள்கள் தேவைப்படுகின்றன. வேறு நோய் எதுவும் இல்லாமல் வயதை மட்டும் காரணமாகக் கொண்டு 39 வாரத்துக்கு முன் கை வைப்பதில் பொருளில்லை என்பது அவர் பதில். ஆகவே இந்த முடிவு முழுவதும் வாரக் கணக்கு சரியாக இருப்பதைச் சார்ந்திருக்கிறது. மாதவிலக்குத் தேதியைச் சரியாகக் குறித்து வைக்காதவர்களுக்கு முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன்தான் ஆதாரம். ஐந்தாம் மாதம்வரை வெளியே சொல்லக் கூடாது என்று கிளினிக்குக்கே போகாமல் இருந்துவிடும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. அதைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு.

மருந்து வைத்தால் கடைசியில் வயிற்றைக் கிழித்துத்தான் எடுப்பார்கள் என்ற பேச்சு எங்கள் ஊரில் மிகப் பரவலானது. எனக்கும் அந்த அச்சம் இருந்தது. 35 வயதும் அதற்கு மேலும் ஆன, முதல் பிரசவத்துக்குக் காத்திருந்த 619 பெண்களை வைத்துப் பிரிட்டனில் நடத்தி 2016இல் வெளியிட்ட ஓர் ஆய்வை நானே தேடிப் படித்தேன். ஒரு பாதியினருக்கு 39ஆவது வாரத்தில் வலியைத் தூண்டினார்கள், மறு பாதியினரைக் காத்திருக்க விட்டார்கள். அறுவை நடந்தது முதல் குழுவில் 32 விழுக்காட்டினருக்கு, இரண்டாவது குழுவில் 33 விழுக்காட்டினருக்கு. அமெரிக்காவில் 6,106 பெண்களை வைத்துச் செய்து 2018இல் வெளிவந்த பெரிய ஆய்விலோ தூண்டப்பட்டவர்களுக்கு 18.6, காத்திருந்தவர்களுக்கு 22.2 விழுக்காடு, அவர்கள் முதல் பிரசவப் பெண்களாக இருந்தாலும் பெரும்பாலும் இளையவர்கள். ஆகவே அறுவை அச்சத்தை நான் ஒதுக்கி வைத்தேன். ஆனால் 619 பேரை வைத்துக்கொண்டு, ஆயிரத்தில் ஒன்றிரண்டாக நிகழும் மரணம் குறைகிறதா என்று எவராலும் நிறுவ முடியாது என்பதையும் கவனித்தேன். பிரிட்டனின் நைஸ் என்னும் வழிகாட்டு அமைப்பு 2021இல், 35 வயதைக் கடந்தவர்களுக்கும் ஆசிய வம்சாவளியினருக்கும் 39 வாரத்திலேயே தூண்டலைப் பரிசீலிக்கலாம் என்று வரைவில் எழுதிவிட்டு, எதிர்ப்பு எழுந்ததும் இறுதி வடிவத்தில் அதை எடுத்துவிட்டது. அறிந்தவர்களே இழுபறியில் இருக்கும் ஒன்றை, "வலியை வரவழைத்துவிட வேண்டும்" என்று ஒற்றை வரியில் அந்தத் தனியார் மருத்துவர் என்னிடம் சொல்லியிருக்க வேண்டாம்.

நான் சம்மதித்தேன். ஒரு பிள்ளைக்காகப் பன்னிரண்டு ஆண்டு காத்திருந்தவளுக்கு, ஆயிரத்தில் ஒன்று குறைவதும் பெரிதாகத்தான் தெரிந்தது. வேறொருத்தி அதே எண்களைப் பார்த்துக் காத்திருக்க முடிவெடுத்தால் அவளைக் குறை சொல்ல மாட்டேன். காத்திருந்தாலும் தூண்டினாலும் விடக் கூடாதது அந்த ரோஸ் புத்தகத்தில் இருக்கும் அசைவு அட்டவணை. காலை 9 மணியிலிருந்து எண்ணி, இரவு 9 மணிக்குள் பத்து அசைவு வராவிட்டால் விடியும்வரை பார்க்கலாம் என்று படுக்காமல் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும்.

நாள் குறித்ததும் மாமியார் பஞ்சாங்கத்தைக் கையில் எடுத்தார். மருந்து வைப்பது திங்கட்கிழமை, அன்று ஆயில்யம். ஆயில்யத்தில் பெண் பிறந்தால் மாமியாருக்கு ஆகாது என்பார்கள். இன்னும் பிறக்காத பேத்தியின் இன்னும் வராத மாமியாருக்காக அவர் கவலைப்பட்டார். தயங்கித் தயங்கி இதை மருத்துவரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "திங்கட்கிழமை பிறக்கும் என்று நான் சொல்லவே இல்லையே" என்றார்.

மருந்து வைத்தால் சுவிட்சைத் தட்டியதுபோல் வலி வந்துவிடும் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். கணவர் ஒரு நாள் மட்டும் விடுப்பு எடுத்திருந்தார். ஞாயிறு மாலை ஈப்போவுக்குப் போய்ச் சேர்ந்தோம், வீட்டிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர். திங்கள் காலை கருப்பை வாயைச் சோதித்து, அது எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்து மிருதுவாகியிருக்கிறது, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பவற்றுக்கெல்லாம் புள்ளி போட்டார்கள். பிஷப் என்ற அமெரிக்க மருத்துவர் 1964இல் வகுத்த முறை அது. எனக்குக் கிடைத்தது 3. ஆறுக்குமேல் வந்தால்தான் வாய் பக்குவப்பட்டிருக்கிறது என்று பொருள் என்று மிஸ்ஸி, அதாவது தாதி, சொன்னார். பதினேழு ஆண்டில் நான் போட்ட தோல்வி மதிப்பெண்கள் எல்லாம் அப்போது நினைவுக்கு வந்தன.

உள்ளே ஒரு மாத்திரை வைத்தார்கள், ஆறு மணி நேரம் கழித்து இன்னொன்று. அடுத்த கட்டிலில் இருந்த மலாய்க்காரப் பெண்ணுக்கு முந்தைய பிரசவம் அறுவையாக இருந்ததால், பழைய தழும்பு பிரிந்துவிடக் கூடாது என்று மாத்திரை கொடுக்காமல், நுனியில் நீர் நிரப்பிய பலூன் உள்ள குழாயை வைத்திருந்தார்கள். அவ்வப்போது வயிற்றில் பட்டை கட்டிக் குழந்தையின் இதயத் துடிப்பைப் பதிந்தார்கள். மருந்து கூடிப்போய் இடைவெளியே இல்லாமல் வலி வந்தால் குழந்தைக்கு மூச்சுக்காற்று குறையும் என்பதால் அந்தக் கண்காணிப்பு. திங்கள் முழுவதும் மாதவிலக்கு வலிபோல ஒரு முணுமுணுப்பு, அதற்குமேல் ஒன்றுமில்லை. செவ்வாய் காலை மூன்று சென்டிமீட்டர் திறந்திருந்தது. பனிக்குடத்தை உடைத்து, வலியைக் கூட்டும் ஆக்சிடோசின் டிரிப் ஏற்றினார்கள். அதன்பிறகு வந்த வலியில் படிப்படியான ஏற்றம் என்பதே இல்லை. வலி தெரியாமல் இருக்க முதுகில் ஊசி போடும் வசதி உண்டா என்று முன்னரே கேட்டு வைத்திருக்க வேண்டும். நான் கேட்கவில்லை, நான் கேட்ட நேரத்தில் அது கிடைக்கவும் இல்லை.

செவ்வாய் இரவு 8.40க்கு, வேக்குவம் என்ற உறிஞ்சு கருவியைத் தலையில் வைத்து இழுத்துத்தான் மகள் வந்தாள். எடை 2.9 கிலோ. அந்த 619 பேர் ஆய்வில் கருவி உதவியுடன் பெற்றவர்கள் தூண்டப்பட்ட குழுவில் 38, காத்திருந்த குழுவில் 33 விழுக்காடு என்றிருந்ததை, அறுவை எண்ணைத் தேடிய அவசரத்தில் நான் கவனிக்காமல் கடந்திருந்தேன். தையல் ஆற மூன்று வாரம் ஆயிற்று.

கணவர் வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னபோது மாமியார் எடையைக் கேட்கவில்லை, நேரத்தைத்தான் கேட்டார். ஆயில்யம் அன்று மாலையே முடிந்திருந்தது. "மகம்! ஜெகத்தை ஆள்வாள்" என்று அவர் போட்ட சத்தம், ஒலிபெருக்கி போடாமலேயே வார்டு வரை கேட்டது.