வேர்க்காமல் ஆபீஸ் போய்ச் சேர்வது

எலெக்ட்ரிக் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன் என்றால் உடனே வருகிற கேள்வி, "எவ்வளவு வேகம் போகும்?" அடுத்தது, "ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர்?" வாங்குவதற்கு முன் நானும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஓட்ட ஆரம்பித்த பிறகு இரண்டுமே பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

எனக்கு ஆபீஸ் 11 கிலோமீட்டர். நடுவில் ஒரு மேம்பாலம், ஒரு நீள ஏற்றம், எக்கச்சக்கமான சிக்னல்கள். இதே வழியில் சாதா சைக்கிளிலும் போயிருக்கிறேன். திங்கட்கிழமை ஜோராகக் கிளம்புவேன். புதன்கிழமை தொடை பிடித்துக்கொள்ளும். வெள்ளிக்கிழமை பஸ். அடுத்த வாரம் செவ்வாயே பஸ். அப்புறம் சைக்கிள் சுவரோரம் நின்று தூசி வாங்கும். மோட்டார் வைத்த வண்டிக்கு அந்தக் கதி வரவில்லை. தூக்கம் போதாத காலையிலும், எதிர்காற்று வீசுகிற மாலையிலும் யோசிக்காமல் எடுத்துக்கொண்டு கிளம்ப முடிகிறது. பயன் என்று எதையாவது முதலில் சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன்.

சைக்கிளில் ஆளைக் களைக்க வைப்பது தூரம் இல்லை. நின்று கிளம்புவது, ஏற்றம், எதிர்காற்று, இந்த மூன்றும்தான்.

ஏற்றத்தைக் கணக்குப் போட்டே பார்த்தேன். நானும் வண்டியும் பையும் சேர்ந்து 105 கிலோ. 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் சாலையில் மணிக்கு 15 கிலோமீட்டரில் ஏற, இந்த எடையைத் தூக்குவதற்கு மட்டும் 215 வாட் ஆகிறது. டயர் உராய்வையும் காற்றையும் சேர்த்தால் 250-ஐத் தாண்டிவிடும். என்னைப் போன்ற நாற்காலி உத்தியோகக்காரர் மூச்சு வாங்காமல் தொடர்ந்து கொடுக்க முடிவது 100 வாட் அளவுதான். மீதியை மோட்டார் ஏற்றுக்கொள்கிறது. எதிர்காற்றும் லேசுப்பட்டதில்லை. 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிரே 15 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தால், அது நம்மைத் தள்ளுகிற விசை கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிடும். கண்ணுக்குத் தெரியாத ஏற்றம் அது. அதுவும் வேலை முடிந்து திரும்பும்போதுதான் சரியாக வந்து சேரும்.

வேர்வை விஷயமும் இந்தக் கணக்கோடு சேர்ந்ததுதான். நம் உடம்பு செலவழிக்கும் சக்தியில் கால்வாசிக்கும் குறைவாகத்தான் பெடலுக்குப் போகிறது. மற்றதெல்லாம் சூடு. அதாவது பெடலில் 100 வாட் கொடுத்தால் உடம்புக்குள் 300, 400 வாட் சூடு உண்டாகிறது. அதே ஏற்றத்தை மோட்டார் இல்லாமல் மிதித்தால் அந்தச் சூடு இரண்டரை மடங்கு. சட்டை நனையாமல் என்ன செய்யும்? ஓடும்போது காற்று பட்டு வேர்வை உலர்ந்துகொண்டே வரும், இறங்கி நின்றதும்தான் கொட்டும். அதனால் கடைசி ஒரு கிலோமீட்டரில் மோட்டார் தருகிற உதவியின் அளவை ஒரு படி கூட்டி, காலைச் சும்மா சுற்றவிட்டபடி போவேன். லிப்டில் பக்கத்தில் நிற்பவர் தைரியமாக நிற்கலாம்.

இனி சிக்னல். இங்கே வண்டிக்கு வண்டி வித்தியாசம் இருக்கிறது, வாங்கப் போகிறவர்கள் அவசியம் கவனிக்க வேண்டியது. விலை குறைந்த வண்டிகள் பலவற்றில், பெடல் சுற்றுகிறதா என்று மட்டும் பார்க்கிற சென்சார்தான் இருக்கும். பச்சை விழுந்ததும் முதல் அரைச் சுற்றை நாமே முழு எடையோடு மிதிக்க வேண்டும். அதற்கப்புறம் மோட்டார் விழித்துக்கொண்டு திடீரென்று ஒரு தள்ளு தள்ளும். முன்னால் ஒரு கார் நிற்கிறது என்றால் அந்தத் தள்ளு அவ்வளவு நல்லதில்லை. டார்க் (முறுக்கு விசை) சென்சார் இருந்தால், கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதை அளந்து அந்த விகிதத்தில் உதவி வரும். மெதுவாக அழுத்தினால் மெதுவாக, ஓங்கி மிதித்தால் ஓங்கி. 1993-இல் யமஹா ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்த பாஸ் சைக்கிளே இப்படி மிதிக்கிற விசையை அளந்து உதவிய வண்டிதான். இந்த ஒன்றில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம் என்பது என் கட்சி.

வேகம் கேட்டவர்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். என் வண்டி ஐரோப்பிய ஒன்றிய விதியில் உள்ள வரம்புப்படி, 250 வாட் மோட்டாரோடு வந்தது. 25 கிலோமீட்டரைத் தொட்டால் உதவி நின்றுவிடும். அதற்கு மேல் போக வேண்டுமானால் நம் கால் பாடு. நான் போவதில்லை. எனக்கு வேண்டியது வேகமே இல்லை, நேரம் மாறாமல் இருப்பது. கார்கள் நகராமல் நிற்கிற காலையிலும் 35 நிமிடம், மிஞ்சிப்போனால் 40. பஸ்ஸில் அதே தூரத்துக்கு 30 நிமிடமும் ஆகும், ஒன்றேகால் மணி நேரமும் ஆகும். ஒன்பது மணி மீட்டிங்குக்கு எட்டேகாலுக்குக் கிளம்பினால் போதும் என்று நம்ப முடிவது தனி நிம்மதி.

"மோட்டார் ஓட்டுது, உனக்கு இதுல என்னப்பா எக்சர்சைஸ்?" என்று பக்கத்து சீட்காரர் அடிக்கடி சீண்டுவார். மிதிக்காவிட்டால் என் வண்டி நகராது. நாடித்துடிப்பு வேக நடையில் இருக்கிற அளவுக்கு ஏறுகிறது. இப்படி மோட்டார் உதவியோடு மிதிக்கும் சைக்கிளை ஆராய்ந்தவர்களும் இதை மிதமான உடற்பயிற்சி என்றுதான் வைக்கிறார்கள். சாதா சைக்கிளை விடக் குறைவு, உண்மைதான். ஆனால் அது சுவரோரம் நின்றால் பயிற்சி பூஜ்யம்.

கரண்ட் செலவு பேசுகிற அளவுக்கு இல்லை. கிலோமீட்டருக்கு 10 வாட்-மணி வைத்தால் போக வர 22 கிலோமீட்டருக்குக் கால் யூனிட்டுக்குள் முடிந்துவிடும். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி கால் மணி நேரம் ஓடினால் ஆவது அவ்வளவுதான். உண்மையான செலவு பேட்டரியில் இருக்கிறது. லித்தியம்-அயான் பேட்டரிக்கு, முழு சார்ஜோடு சூட்டில் கிடப்பது ஆகாது. தினமும் 80 சதவீதத்தில் நிறுத்திக்கொள்கிறேன். எப்போதாவது முழுதாக ஏற்றினால் உள்ளே இருக்கும் செல்களின் சார்ஜ் சமமாகும். வண்டியோடு வந்த சார்ஜரைத் தவிர வேறு எதையும் செருகுவதில்லை. வாசல் வழியிலும் படிக்கட்டு ஓரத்திலும் சார்ஜ் போடுவதில்லை. தீப்பிடித்தால் வெளியே ஓடுகிற வழி அதுதானே.

பிரேக் பிடித்தால் பேட்டரி ஏறுமா என்றும் சிலர் கேட்கிறார்கள். பெரும்பாலான உதவி சைக்கிள்களில் அந்த வசதியே இல்லை. இருந்தாலும், இவ்வளவு லேசான வண்டியிலிருந்து திரும்பக் கிடைப்பது சொற்பம்.

சாதா சைக்கிளோடு வைத்துப் பார்த்தால் வண்டி கனம்தான், என்னுடையது 24 கிலோ. மாடிக்குத் தூக்கிப் போகிற கதை நடக்காது. சாவி போட்டுப் பேட்டரியை மட்டும் கழற்றி மேலே கொண்டுபோகலாம் என்பதால் எனக்குக் கவலையில்லை. ஆபீஸ் பேஸ்மென்ட் சரிவில் ஏற்ற, பக்கத்தில் நடந்தபடியே தள்ளிக்கொள்கிற 'வாக்' பட்டன் இருக்கிறது. அழுத்திப் பிடித்தால் வண்டி நம்மோடு நடந்து வரும்.

பஞ்சர்தான் கொஞ்சம் தொல்லை. பின்சக்கரத்துக்குள் மோட்டார் இருப்பதால் சக்கரத்தைக் கழற்ற வேண்டுமென்றால் ஒயர் இணைப்பைப் பிரித்து, பெரிய நட்டைக் கழற்றி, திரும்ப அதே வரிசையில் மாட்ட வேண்டும். நடுரோட்டில் அது தேவையே இல்லை. சக்கரம் வண்டியிலேயே இருக்கட்டும். டயரின் ஒரு பக்கத்தை மட்டும் லீவரால் நெம்பி, ஓட்டை இருக்கிற இடத்தில் டியூபை வெளியே இழுத்து, தேய்த்து, பேட்ச் ஒட்டி உள்ளே தள்ளிவிடலாம். ஒட்டுவதற்கு முன் டயரின் உட்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். குத்திய முள் பெரும்பாலும் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.